பின்மாற்றக்காரன் எழுதுவது

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நிச்சயமானதில் ரொம்ப சந்தோஷம். கல்யாணம் சபையிலா, மண்டபத்திலா? எங்கே என்றாலும் முன்வரிசையில் இருப்பேன். பாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது அவர் பாடு.

"சபையையும் விசுவாசத்தையும் எப்படி விட்டாய்?" என்று கேட்டிருந்தாய். இரட்சிக்கப்பட்ட சாட்சி என்றால் தூக்கத்தில்கூடச் சொல்வோம். விட்டுவந்ததற்குச் சாட்சி சொல்ல யாரும் பழக்கவில்லையே.

முதலில் கழன்றது இரகசிய வருகை, அதாவது இயேசு திடீரென்று வந்து விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்பது. பள்ளி விட்டு வரும்போது வீடு காலியாக இருந்தால், எக்காளம் ஊதியாச்சு, நம்மை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று வயிறு கலங்கும். நீ ஒருநாள் அழுதுகொண்டே எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாய். அம்மா கோழிக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். அவளே போகவில்லை என்றால் ஒருத்தரும் போயிருக்க மாட்டார்கள் என்று தேறினாய்! உலக முடிவில் வரும் உபத்திரவ காலத்துக்கு முன்பே விசுவாசிகள் எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்ற போதனையை 1830களில் பரப்பியவர் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர். 1909இல் ஸ்கோஃபீல்டு என்ற அமெரிக்கர் விளக்கக் குறிப்புகளோடு வெளியிட்ட வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் அதை ஊரெல்லாம் சேர்த்தன. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு கொண்டுவந்த விசுவாசத்தில் இது கிடையாது. இதற்காகத்தான் பாயில் படுத்து நடுங்கியிருக்கிறோம்.

பிறகு வசனங்கள். "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்" என்று ஒப்பித்தோமே, 1 யோவான் 5:7, அது பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை. மாற்கு 16இன் கடைசி 12 வசனங்களும் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளான சினாய், வத்திக்கான் பிரதிகளில் இல்லை. விசுவாசிகள் நவமான பாஷை பேசுவார்கள், சர்ப்பத்தைப் பிடிப்பார்கள் என்பதெல்லாம் அங்கேதான் வருகிறது. ஒரு எழுத்துகூட மாறாத புத்தகம் என்று சொன்ன எவரும் இதைச் சொன்னதில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதற்காக, ஜெபத்தில் ஆவி வந்து புரியாத மொழியில் பேசும் அந்நிய பாஷையை நடிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1860இல் திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியான் அருளப்பன் என்ற தமிழ் ஊழியர் நடத்திய கூட்டங்களில் நம் ஜனங்கள் அப்படிப் பேசியிருக்கிறார்கள், பெந்தெகொஸ்தே எழுப்புதல் பரவிய அமெரிக்காவின் அசூசா தெருக் கூட்டங்களுக்கு 46 வருஷம் முன்பே. மனம்விட்டு அழ ஓர் இடம் வேண்டியிருந்திருக்கும். முழு இரவு ஜெபத்தில் உன் அத்தை அழுதது பொய்யா என்ன?

நரகத்தை இப்போது நம்புவதில்லை. நமக்குப் பனங்கிழங்கு அவித்துத் தந்த பக்கத்து வீட்டு ஆச்சியை, ஞானஸ்நானம் எடுக்காத ஒரே காரணத்துக்காக அக்கினியில் போடும் தேவன் எனக்கு வேண்டாம். தேவன் உண்டா என்றால், சில நாள் உண்டு. ஆனாலும் ராத்திரி எங்காவது ஹாரன் நீளமாக ஒலித்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். புத்தி விட்டதை உடம்பு விடவில்லை. நாத்திக நண்பர்களோடும் ஒட்டவில்லை, அவர்கள் அடித்துப் பேசுவதிலும் பழைய கன்வென்ஷன் மேடைதான் கேட்கிறது.

எனக்காக ஜெபிப்பதாக எழுதியிருந்தாய். ஜெபி, வேண்டாம் என்று சொல்லவில்லை. சபையில் என் பெயரை ஜெபக்குறிப்பாக மட்டும் கொடுத்துவிடாதே. கல்யாணத் தேதியைச் சீக்கிரம் எழுது, லீவு சொல்ல வேண்டும்.

உன்,
பழைய பெஞ்சு நண்பன்