எண்ணூருக்கு இனிமே பக்கெட் அனுப்ப வேணாம்: ஒரு திறந்த மடல்

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும்,

வணக்கம். மறுபடி வடகிழக்குப் பருவமழை வரப்போகுது, அதான் எழுதுறேன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ மணலி சிபிசிஎல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை பக்கத்துல இருந்து எண்ணெய் வெள்ளத்தோட கலந்து பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறுன்னு இறங்கி எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் வந்தது உங்களுக்கே தெரியும், கட்டு கட்டா ஃபைல் இருக்கும், அதை மறுபடி சொல்லி உங்க நேரத்தை வீணாக்கல.

ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்குறேன். அந்த எண்ணெயை அள்ளினது யாரு, எதை வச்சு அள்ளினாங்க?

மீனவங்கதான். பிளாஸ்டிக் மக்கை வச்சு. ஆமாங்க, நம்ம பாத்ரூம்ல கிடக்குமே, அதே மக். ஃபைபர் போட்ல உக்காந்து குனிஞ்சு குனிஞ்சு மொண்டு ட்ரம்ல ஊத்தினாங்க, ஆரம்பத்துல நிறைய பேர் கைல க்ளவுஸ் கூட இல்ல, மூக்குல மாஸ்க் இல்ல, தோல் எரியுது தலை சுத்துதுன்னு சொல்லிக்கிட்டே அள்ளினாங்க. எவனோ விட்ட எண்ணெய், அதுல நாசமானது அவங்க வலை, அவங்க போட், கடைசில கூலிக்கு அள்ளுற வேலையும் அவங்களுக்கே. வலையில அந்தக் கருப்பு ஏறிடுச்சுன்னா அப்புறம் அது வலை இல்ல, தூக்கிப் போட வேண்டியதுதான். ஆத்துல இறங்கி கையாலயே இறால் தடவிப் பிடிச்சு பறிங்கிற கூடையில போடுற இருளர் சனத்துக்கு போட்டும் கிடையாது, வலையும் கிடையாது, அந்த சேறுதான் சொத்து. அதுல எண்ணெய் படிஞ்சா நஷ்டத்தை எந்த ஃபார்ம்ல எழுதுறது? நிவாரணம்னு அதிகம் பாதிச்ச குடும்பத்துக்கு 12,500 ரூபா குடுத்தாங்க. ஒரு நல்ல வலை செட் வாங்கப் போனா இது எந்த மூலைக்குன்னு குப்பத்துல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.

எண்ணெய் பரவாம தடுக்கிற மிதவை வேலியான பூம், தண்ணி மேல மிதக்குற எண்ணெயை எடுக்கிற மெஷினான ஸ்கிம்மர் எல்லாம் வந்துச்சு, இல்லேன்னு சொல்லல. நாள் கழிச்சு வந்துச்சு. அதுக்குள்ள எண்ணெய் கரையில, அலையாத்திச் செடி வேர்ல, கூழைக்கடா றெக்கையில எல்லாம் ஏறி முடிச்சிடுச்சு.

இதுவே முதல் தடவைன்னா பொறுத்துக்கலாம். 2017 ஜனவரி 28, இதே எண்ணூர்ல காமராஜர் துறைமுகத்துக்கு வெளிய ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டுச்சே, அப்பவும் முதல்ல பெருசா ஒண்ணும் இல்லைன்னாங்க, அப்புறம் பாத்தா காலேஜ் பசங்கள்ல இருந்து மீனவங்க வரைக்கும் பாறையில நின்னு பக்கெட்ல கழிவு அள்ளினாங்க. அப்போ பக்கெட், 2023ல மக். கிட்டத்தட்ட ஏழு வருஷத்துல பாத்திரம் சின்னதானதுதான் முன்னேற்றம்.

தேசிய அளவுல எண்ணெய்க் கசிவுக்குன்னு ஒரு திட்டம் 1996ல இருந்து இருக்கு. நடுக்கடல்னா கடலோரக் காவல்படை, துறைமுகத்துக்குள்ளன்னா துறைமுகம். ஆறும் கடலும் சேர்ற இடம்னு வந்தா மட்டும் ஆளாளுக்கு அடுத்தவன் மூஞ்சியைப் பாக்குறாங்க. அதனாலதான் கேக்குறேன், எண்ணூர் முகத்துவாரத்துலயே பூம், ஸ்கிம்மர், பயிற்சி எடுத்த ஆளுங்களோட நிரந்தரமா ஒரு யூனிட் வைங்க. புயல் வந்தப்புறம் இல்ல, இப்பவே.

ஆள் இல்லைன்னு சொல்வீங்க. உண்மைதான். நாடு முழுக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள்ல கிட்டத்தட்ட பாதி பணியிடம் காலின்னு 2024ல பசுமைத் தீர்ப்பாயத்துக்கே கணக்கு போச்சு. ஆள் எடுக்கத்தான் நேரமில்ல, சட்டத்தை இளக்க மட்டும் நேரம் கிடைச்சிருக்கு. போபால் விஷவாயுக் கசிவுல அத்தனை பேர் செத்தப்புறம் 1986ல கொண்டுவந்த சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்துல அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில்னு இருந்துச்சு, 2023ல ஜன் விஸ்வாஸ்னு ஒரு திருத்தம் போட்டு அதை எடுத்துட்டு 10,000 ரூபால இருந்து 15 லட்சம் வரைக்கும் அபராதம்னு ஆக்கிட்டீங்க. 15 லட்சம்! ஒரு ரிஃபைனரி நடத்துறவங்களுக்கு அது கேன்டீன் டீ பில்லுங்க. அனல்மின் நிலையச் சாம்பலை ஆத்துல விட்டாலும் சரி, அமோனியாவை விட்டாலும் சரி, பில்லைக் கட்டிட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம். பேரு மட்டும் விஸ்வாஸ், யார் மேல யாருக்கு நம்பிக்கைன்னுதான் புரியல.

சரி, கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிக்கணும். நான் கேக்குறது பெரிய பெரிய மாநாடு இல்ல, தயவுசெஞ்சு அந்த யூனிட்டை வைங்க. அதோட சேர்த்து இன்னொண்ணு. எண்ணெய் வந்த அதே 2023 டிசம்பர் மாசம், 26ம் தேதி நடுராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்துல அமோனியா கசிஞ்சு சனங்க குழந்தைங்களைத் தூக்கிக்கிட்டு இருட்டுல எந்தப் பக்கம் ஓடுறதுன்னு தெரியாம ஓடினாங்க. ஒவ்வொரு குப்பத்துலயும் ஒரு சைரன், ராத்திரி 12 மணிக்கு கூப்பிட்டாலும் எடுக்கிற ஒரு போன் நம்பர், அதை எழுதின போர்டு, இதை ஐப்பசி மழைக்கு முன்னாடி வச்சுக் குடுத்தா ரொம்ப நன்றியா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வடசென்னைக்காரன்