டிவி பார்க்கிறதில்லைப்பா என்றாயே

செவ்வாய்பேட்டை, சேலம்.

அன்புள்ள கண்ணு,

இந்தக் கடிதத்தை உன் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். காரணம் ஒன்றுமில்லை, அங்கே என்றால் உன் கையிலேயே கொடுப்பார்கள். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை வீடியோவில் கழுத்தெலும்பு தெரிந்தது என்று அம்மா சொன்னாள். அதற்கப்புறம் நீ வீடியோவில் வருவதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில், எதிர்நீச்சல் பார்த்தாயா என்று கேட்டேன். “இப்பல்லாம் டிவி பார்க்கிறதில்லைப்பா” என்றாய். பின்னால் யாரோ பேசுகிற சத்தம் கேட்டது, வைத்துவிட்டாய். வேலை அதிகமாக இருக்கும் என்று அம்மா சொல்கிறாள். இருக்கலாம். எனக்கு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

நீ நாடகம் பார்க்காமல் இருக்கிற பிள்ளையா? 2002-ல் மெட்டி ஒலி ஆரம்பித்தபோது உனக்கு எட்டு வயது. பகலெல்லாம் பட்டறையில் மெட்டியும் கொலுசும் பற்றவைக்கிறவன் நான், பேரே நம் தொழிலாக இருக்கிறதே என்றுதான் பார்க்க உட்கார்ந்தேன். நீ என் மடியில். 2005 வரை, 800 எபிசோடுக்கு மேல், கரண்ட் போன நாளைத் தவிர ஒருநாள் விடவில்லை. எந்த நாடகம் ஓடினாலும் உன் வாய் ஓயாது. “இவங்க தூங்கும்போதும் ஏன்ப்பா நெக்லஸைக் கழட்ட மாட்டேங்கிறாங்க” என்பாய். ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னால் எல்லார் மூஞ்சியையும் மூணு மூணு தடவை காட்டுவதைப் பார்த்து, அதுக்குள்ள அம்மாயி ரெண்டு தோசை சுட்டுடும் என்றாய். அம்மாயி அதை அக்கம்பக்கம் எல்லாருக்கும் சொல்லிச் சிரித்தது. அப்புறம் ஒன்று சொன்னாய், அது இன்னும் எனக்குள் இருக்கிறது. “யாராச்சும் ‘உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்’னு ஆரம்பிச்சா உடனே காலிங்பெல் அடிக்குதுப்பா. சொல்லிட்டா கதை முடிஞ்சிடும்ல, அதான்.” எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எப்படி இது தெரிந்தது என்று பட்டறையில் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னேன்.

தம்பியும் நீயும் லொள்ளு சபா பார்த்துவிட்டுச் சந்தானம் மாதிரியே பேசிக்காட்டியதையும் மறக்கவில்லை.

எதிர்நீச்சல் வந்தபோது நீ ஐதராபாத் போய் நாலு வருஷம். தினமும் போன் செய்து ஆதி குணசேகரன் குரலில் “ஏய் இந்தாம்மா” என்பாய். 2023 செப்டம்பர் 8-ம் தேதி, டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது குணசேகரனாக நடித்த மாரிமுத்து மாரடைப்பில் போய்விட்டார் என்றதும் ஆபீஸிலிருந்தே கூப்பிட்டு அழுதாய். அந்த வீட்டு மருமகள்களில் நந்தினிதான் உனக்குப் பிடிக்கும். எது நடந்தாலும் ஒரு வார்த்தை போட்டுச் சிரிக்க வைத்துவிடுவாள். நீயும் அப்படித்தான். அந்த மாதிரிப் பெண் வாயை மூடிக்கொண்டால் என்ன நினைப்பது? சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதே, கண்ணு.

அம்மா முழங்கால்வலிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறாள். நீ ஒருநாள் கூட விசாரிக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டாள். தம்பி கடை பரவாயில்லை.

2020-ல் ஊரடங்கில் மெட்டி ஒலியை மறுபடி போட்டார்கள். பட்டறை மூடியிருந்தது, தனியாக உட்கார்ந்து பார்த்தேன். முதல் தடவை அஞ்சு பெண்களைப் பெற்ற சிதம்பரத்துக்காகத்தான் அழுதிருக்கிறேன். இந்தத் தடவை அவர் பெண் சரோஜா, புருஷன் மாணிக்கம் வீட்டில் படுகிற பாட்டைப் பார்க்க முடியவில்லை. நடுவில் எழுந்து போய்விட்டேன். அம்மாவுக்கு ஏன் என்று தெரியாது.

2019 ஆடியில், கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு நீ மட்டும் ஒரு பையோடு வந்தாய். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்றாய். மூன்றாம் நாள் ராத்திரி நான் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றாய். நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன். காது கேட்காமல் கூட்டவில்லை. நீ என்ன சொல்லப் போகிறாய் என்று உன் முகத்திலேயே தெரிந்தது, அதைக் கேட்டுவிட்டால் நான் ஏதாவது செய்தாக வேண்டும். நகைக்கு வாங்கிய கடன் பாக்கி இருந்தது, தெருவில் என்ன பேசுவார்கள் என்ற பயமும் இருந்தது. காலையில் நானே டிக்கெட் எடுத்து, எல்லா வீட்டிலும் இருப்பதுதான், அனுசரித்துப் போ என்று சொல்லி அனுப்பினேன். ஜங்ஷனில் நீ ஜன்னல் வழியாகச் சிரித்துக்கொண்டே போனாய். டிவியில் வருகிற பெண்ணுக்காக வருஷக்கணக்கில் அழுதவன், என் பெண் பேச வந்தபோது காதைப் பொத்திக்கொண்டேன். அதற்கப்புறம் நீ ஆரம்பிக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. ஆறு வருஷம் நாடகத்தைப் பற்றியே பேசிக்கொண்டோம்.

மாடி ரூமைக் காலி செய்து வெள்ளையடித்தாயிற்று. புது மெத்தை வாங்கிப் போட்டிருக்கிறேன். கடனும் போன தையோடு முடிந்தது. எந்த வண்டியில் வந்தாலும், எந்த நேரமானாலும், ஜங்ஷனில் நான் நிற்பேன். தெருவில் யார் கேட்டாலும் பதில் சொல்வது என் வேலை. வர வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் அதுவும் சரி, ஆபீஸிலிருந்து கூப்பிட்டுப் பேசு. நடுவில் பேச மாட்டேன்.

டிவியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு என்ன சொல்ல வந்தாய், கண்ணு?

வேளைக்குச் சாப்பிடு.

அப்பா