மீன்கொத்திக்கு ஒரு கையெழுத்து

அன்புள்ள கமலா,

நலம்தானே? எனக்கு வலது கண் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. கட்டு அவிழ்த்ததும் நான் ஆற அமரப் பார்த்தது நீ துணியில் தைத்து அனுப்பிய மீன்கொத்தியைத்தான். கழுத்தில் மட்டும் மூன்று நீலம் இருக்கிறது! இவ்வளவு நாளும் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். துணியைத் திருப்பியும் பார்த்தேன், பின்பக்கம் ஒரு முடிச்சுகூட இல்லை. நூல் நுனிகளையெல்லாம் தையலுக்குள்ளேயே செருகிவிட்டிருக்கிறாய். யார் பார்க்கப் போகிறார்கள் அந்தப் பக்கத்தை?

இப்படித் தைக்கிறவள், கண்காட்சிப் படிவத்தில் 'கலைஞர் பெயர்' என்று இருந்ததைப் பார்த்துக் கூச்சப்பட்டு, "இது சும்மா கைவேலை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

பிரான்குசி என்ற சிற்பியின் வழக்கு உனக்குத் தெரியுமா? 1926இல் அவருடைய வெண்கலப் பறவை ஒன்று நியூயார்க்கில் வந்து இறங்கியது. பறவை என்று பெயர்தான். சிறகும் இல்லை, அலகும் இல்லை. நடுவில் லேசாகப் பருத்து, மேலே ஒடுங்கி, பளபளவென்று நிற்கும் உலோகம். கலைப்பொருள் என்றால் வரி கிடையாது. சுங்க அதிகாரிகளோ அதைச் சமையல் பாத்திரம், மருத்துவமனைச் சாமான் கணக்கில் சேர்த்து 40 சதவீதம் வரி போட்டுவிட்டார்கள்! நீதிமன்றம் வரை போய், 1928இல்தான் அது கலை என்று தீர்ப்பு வந்தது.

விசாரணையில் ஒரு கேள்வி. கைதேர்ந்த தொழிலாளி ஒருவர் இப்படி மெருகேற்ற முடியாதா? மெருகேற்றலாம், ஆனால் இந்த உருவம் அவர் மனதில் உதிக்காது என்று பதில் சொன்னார் சாட்சிக் கூண்டில் நின்ற சிற்பி எப்ஸ்டைன். வழக்கு ஜெயித்தது சரி. இந்தப் பதில் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. யோசிக்கிற தலை ஒன்று, செய்கிற கை இன்னொன்றா? அந்த மூன்றாவது நீலத்தை நீ எப்போது முடிவு செய்தாய்? ஊசி கையில் இருந்தபோதுதானே?

இன்னொருத்தி கதையையும் சொல்லிவிடுகிறேன். யூடித் லெய்ஸ்டர், 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர். வாழ்ந்த காலத்தில் ஓவியர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தவள். செத்த பிறகு ஆளே மறந்துபோய், அவள் வரைந்த படங்கள் ஃபிரான்ஸ் ஹால்ஸ் என்ற இன்னொரு ஓவியர் பெயரில் சுவரில் தொங்கின. 1893இல் ஒரு படத்தில் அவளுடைய முதலெழுத்துகளையும் சின்ன நட்சத்திரத்தையும் கண்டுபிடித்தார்கள். அந்த நட்சத்திரம்தான் அவள் கையெழுத்து. அதை மட்டும் போடாமல் விட்டிருந்தால்?

அப்புறம், உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று எழுதினாயே, அதற்குத் தனியாகத் திட்டு இருக்கிறது, நேரில் வந்து தருகிறேன்.

மீன்கொத்தியை இதோடு திருப்பி அனுப்புகிறேன். கீழ் ஓரத்தில் உன் பெயரைத் தைத்துக் கொடு. கண்காட்சிக்கு அனுப்புவதும் அனுப்பாததும் உன் இஷ்டம். பின்பக்கம் முடிச்சு தெரிந்தாலும் பரவாயில்லை.

உன்,
சரசு