நேத்து ராத்திரி வாய்ஸ் நோட் விஷயமா (டயாலிசிஸ் குழு)

எல்லாருக்கும் வணக்கம். நேத்து ராத்திரி நம்ம அண்ணன் ஒருத்தர் "இனிமே டயாலிசிஸுக்குப் போகப்போறதில்ல"ன்னு வாய்ஸ் நோட் போட்டிருந்தார். அதுக்குக் கீழ வரிசையா குட் மார்னிங் ரோஜாப்பூ! ஒருத்தரும் என்னன்னு கேக்கல. நானும் காலைலதான் பார்த்தேன். பேசிட்டேன், இன்னிக்குப் போயிருக்கார்.

இப்படி யார் சொன்னாலும் உடனே எனக்கு போன் பண்ணுங்க, நேரம் பார்க்காதீங்க. மனசு விட்டுப்போச்சுன்னா அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம்.

அப்புறம், இளநீர் குடிக்கச் சொல்லி குழுவுல வந்த ஃபார்வர்டை அழிச்சிட்டேன். இளநீர் மத்தவங்களுக்கு நல்லதுதான், ஆனா அதுல பொட்டாசியம் அதிகம்; நமக்கு பொட்டாசியம் ஏறினா இதயத் துடிப்பே தடுமாறும். அனுப்பின அக்கா கோவிச்சுக்காதீங்க. ரிப்போர்ட் போடுறவங்க பேரையும் ஆஸ்பத்திரி பதிவு நம்பரையும் மறைச்சுப் போடுங்க.