ரோட்டைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் சிறுவர் பக்கத்தில் ‘பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அம்மா’ என்றொரு படம் வந்திருந்தது. அதை வரைந்த ஆறாம் வகுப்புச் சிறுமி சனிக்கிழமைதோறும் என் வீட்டுத் திண்ணையில் படம் பழகுகிறவள். பேப்பரில் வந்ததில் எங்கள் தெருவுக்கே சந்தோஷம். அவள் மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு, “சார், ரோட்டைக் காணோம்” என்றாள்.

அவள் வரைந்த தாளில் அம்மா வலது ஓரத்தில், அடியில், கட்டைவிரல் உயரத்துக்குத்தான் இருப்பார். மீதித் தாள் முழுக்க வெறும் சாலை. இடது கோடியில் ஒரு சின்னப் புள்ளி, அதுதான் பஸ். அச்சில் சாலையை வெட்டிவிட்டு அம்மாவைப் பெரிதாக்கி நடுவில் வைத்திருந்தீர்கள். பக்கத்தில் இடம் போதாமல் செய்திருப்பீர்கள், புரிகிறது. ஆனால் சாலையோடு காத்திருப்பும் போய்விட்டது. பையோடு ஒரு பெண் நிற்கிறாள், அவ்வளவுதான் மிச்சம்.

நான் 31 ஆண்டுகள் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவன். தாளில் வெள்ளை இடம் தெரிந்தாலே “அங்கே ஒரு மரம் போடேன்” என்று சொல்லும் பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எதை வரைகிறோம் என்பதைப் போலவே அதை எங்கே வைக்கிறோம், சுற்றி எவ்வளவு விடுகிறோம் என்பதும் படம்தான். இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாமல்தான் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போவேன்.

அர்ச்சுனன் தபசு முன்னால் உட்காரவைத்து, யார் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று மட்டும் கேட்பேன். ஏறக்குறைய 90 அடி நீளப் பாறை, நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். வானத்தில் பறக்கும் தேவர்களும் கீழே நடந்து வரும் யானைகளும் நடுவிலுள்ள பிளவை நோக்கித்தான் வருகிறார்கள். அது பாறையில் இயற்கையாகவே இருந்த வெடிப்பு. பல்லவச் சிற்பிகள் அதைக் குறையென்று ஒதுக்காமல், நாகர்களைச் செதுக்கி, நீர் இறங்கும் வழியாக்கி, மொத்தக் கூட்டத்தையும் அதன் பக்கம் திருப்பிவிட்டார்கள். பிள்ளைகள் முதலில் தவம் செய்யும் பூனையைக் கண்டுபிடித்துச் சிரிப்பார்கள். அப்புறம் யாராவது ஒருவன், “சார், எல்லாரும் அங்கேயே போறாங்க” என்பான். அந்த நிமிடத்துக்காகவே ஒவ்வொரு வருஷமும் போனேன்.

மேலே கலங்கரை விளக்கத்துக்கு அருகில் மகிஷாசுரமர்த்தினி குகை. அங்கே துர்க்கையைவிட மகிஷன்தான் பெரிய உருவம். கையில் கனமான கதையும் வைத்திருக்கிறான். ஆனாலும் தோற்கப்போகிறவன் யாரென்று எந்தப் பிள்ளையும் உடனே சொல்லிவிடும். துர்க்கை சிங்கத்தின் மேல் முன்னோக்கிப் பாய்ந்து வருகிறாள்; அவன் உடம்பு பின்னால் சாய்ந்துவிட்டது. அந்தச் சாய்வு ஒன்றே போரின் முடிவைச் சொல்கிறது. எதிர்ச்சுவரில் திருமால் பாம்பணையில் நீட்டிப் படுத்திருக்கிறார். இங்கே சாய்ந்த கோடுகள், அங்கே கிடைக்கோடு. திரும்பிப் பார்த்ததும் நம் மூச்சே நிதானமாகிவிடும்.

வீட்டிலும் இதைப் பழகலாம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சன்னல் வெட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியே தெருவைப் பார்க்கச் சொல்லுங்கள். அட்டையைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும், அதே தெரு வேறு படமாகிவிடும். கறுப்புத் தாளில் ஒரு காக்காயை வெட்டி வெள்ளைத் தாளில் இங்குமங்கும் நகர்த்தியும் பார்க்கலாம். ஓரத்தில் வைத்து உள்பக்கம் பார்க்கவிட்டால் மீதித் தாள் முழுவதும் வானம். வெளிப்பக்கம் திருப்பினால் நம் கண்ணும் அதோடு தாளைவிட்டுப் போய்விடுகிறது. அந்தச் சிறுமி இப்படித்தான் நாலு சனிக்கிழமை அம்மாவை நகர்த்தி நகர்த்தி, கடைசியில் அந்த மூலையைக் கண்டுபிடித்தாள்.

அதனால் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் படங்களை வெட்டாதீர்கள். இடம் இல்லையென்றால் சிறிதாக்கிப் போடுங்கள், தபால்தலை அளவு இருந்தாலும் சரி. முடிந்தால் அவள் படத்தை இன்னொரு முறை, ரோட்டோடு, வெளியிடுங்கள். அசல் தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
செங்கல்பட்டு.