சாய்தளத்தை அளந்து கட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடை வாசலில் சாய்தளம் போட முன்வரும் யாழ். நகர வர்த்தகர்களுக்கு நன்றி. ஆனால் செங்குத்தாகப் போட்ட சாய்தளத்தில் சக்கர நாற்காலி ஏறாது, பின்பக்கம் சரியும்.

கணக்கு 1க்கு 12; அதாவது ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம். படி 6 அங்குலம் என்றால் சாய்தளம் 6 அடி நீளம் வேண்டும். வெள்ளத்துக்குப் பயந்து ஒன்றரை அடி உயர்த்திய கடைக்கு 18 அடி. முன்னால் இடமில்லையா? சுவரோடு பக்கவாட்டில் திருப்பிக் கட்டலாம்; திரும்பும் இடத்தில் 5 அடிக்கு 5 அடி சமதளம் விடுங்கள். மினுங்கும் ரைல்ஸ் வேண்டவே வேண்டாம், மாரி மழையில் ஊன்றுகோல் வழுக்கிவிடும். சீமெந்து இறுகுமுன் தும்புத்தடியால் குறுக்கே இழுத்துச் சொரசொரப்பாக்கிவிட்டால் போதும், செலவே இல்லை. வாய்க்கால் மூடியில் அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் நாற்காலியின் சிறிய முன்சில்லு அதற்குள் சிக்கும்.

இத்தனையும் செய்தபின் அதன்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்தாதீர்கள்!

பொதுக் கட்டடங்களில் அணுகல் வசதி வேண்டுமென்ற ஒழுங்குவிதிகள் 2006 முதல் இருக்கின்றன. வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கும் மாநகர சபை, வேலை முடிந்ததும் நாடா பிடித்து அளந்து பார்க்க வேண்டும்.

கட்டடப் படவரைஞர் ஒருவர்,
நல்லூர்.