அவரு இல்லாத ஆல்பம்

அடியே,

நாலு மாசமா பதில் போடல, திட்டணும்னா திட்டிக்கோ. உன் மெயிலை ரெண்டு தடவ படிச்சேன், எழுத உக்காரும்போதெல்லாம் ஏதாவது ஒரு வேலை வந்துடும். முட்டி வலி இப்ப பரவால்லயா? நெட்டச்சி பொண்ணுக்கு வேலை கிடைச்சுடுச்சாமே, ரொம்ப சந்தோஷம். பச்சைக் குடையை நான் மறக்கல, அதைப் பத்தி கடைசில சொல்றேன்.

போன வாரம் இவருக்கு 50வது பொறந்தநாள். எங்க வீட்டுல யாருக்குப் பொறந்தநாள்னாலும் ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் ஸ்டூல் மேல ஏறி நின்னு, டேப்பை பல்லாலயே கடிச்சுக் கடிச்சு பலூன் ஒட்டறது இவருதான்னு உனக்கே தெரியும். 24 வருஷமா அப்படித்தான். இந்தத் தடவ நான் செய்யணும்னு முடிவு பண்ணேன். பலூன் வேண்டாம்டி, அந்த ஹீலியம் பலூன் சாயங்காலம் கட்டினா காலைல தரைக்கு வந்துடும், ரப்பர் வழியாவே கேஸ் கசிஞ்சு போயிடுமாம். நிக்கற மாதிரி ஒண்ணு வேணும்னு தோணுச்சு. ஹால்ல சோஃபாவுக்கு எதிர்ல இருக்குற செவுரு முழுக்க அவரோட போட்டோ மாட்டலாம்னு நினைச்சேன்.

அங்கதான் ஆரம்பிச்சுது.

பீரோ மேல இருந்த ஆல்பம் எல்லாத்தையும் இறக்கி தரைல பரப்பினேன். ஃபிலிம் ரோல் காலத்துப் படம், ஒரு ரோலுக்கு 36, எண்ணி எண்ணி எடுப்பாரு, அப்புறம் டிஜிட்டல் கேமரா, அப்புறம் ஃபோன்ல இருக்குற ஆயிரக்கணக்கான படம். ரெண்டு ராத்திரி உக்காந்து பாத்தேன். பெரியவன் மொத அடி எடுத்து வச்சது இருக்கு, சின்னவ பல்லு விழுந்து சிரிக்கறது இருக்கு, நான் தலை சீவறது, நான் தூங்கறது, நான் கோவமா இருக்குறது கூட இருக்கு. இவரு இல்ல. கல்யாணப் படத்தை விட்டுட்டா, 24 வருஷத்துல இவரு முகம் நல்லாத் தெரியற படம் 9. ஒம்பதுதான்டி! அதுலயும் 3 அடையாள அட்டைக்கு எடுத்தது.

ஒரு படம் இருக்கு, குழந்தைங்க ரெண்டும் மணல்ல உக்காந்திருக்கும், நானும் பக்கத்துல. கீழ ஓரத்துல நீளமா ஒரு நிழல், ரெண்டு முழங்கையும் மடக்கி முகத்துகிட்ட கேமராவைப் புடிச்சிருக்குற நிழல். இத்தனை வருஷத்துல எத்தனையோ தடவ அந்தப் படத்தைப் பாத்திருக்கேன், ஒரு தடவகூட அந்த நிழல் என் கண்ணுல படல. அன்னைக்கு ராத்திரி அதைக் கைல வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அழுதேன். நாளைக்கு அவருக்கு ஒண்ணுன்னா, சொல்லக்கூடாது, ஆனா மனசு சொல்லுதே, நம்ம அப்பா நம்மளைத் தூக்கி வச்சிருந்தாருன்னு பாக்க பசங்களுக்கு என்ன இருக்கு? ஒரு நிமிஷம் அந்த கேமராவை இப்படிக் குடுங்கன்னு வாங்கி எடுக்க எனக்கு என்ன கஷ்டம்? நீயும் எந்திரிச்சுப் போய் உங்க வீட்டு ஆல்பத்தைப் பாரு, அண்ணன் எத்தனை படத்துல இருக்காருன்னு எண்ணிச் சொல்லு. சண்டை போட்ட கணக்கை மட்டும் நல்லா எண்ணத் தெரியுதுல்ல!

சரி, செவுத்துக்கு வரேன். நிழல் படத்தைத்தான் பெருசாப் போட்டேன். மத்ததெல்லாம் அதைச் சுத்தி, பசங்களும் நானும் அவரைப் பாத்துச் சிரிக்கற படங்க, கேமராவைப் பாத்துன்னு இவ்வளவு நாள் நினைச்சுட்டிருந்தேன், அது அவரைப் பாத்துத்தானே. ஃப்ரேம் சைஸுக்கு நியூஸ்பேப்பரை வெட்டி மொதல்ல செவுத்துல ஒட்டிப் பாத்துட்டு அப்புறமா ஆணி அடி, இல்லன்னா செவுரு சல்லடையாயிடும். நடு ஃப்ரேமோட மையம் தரைலேந்து 57 இன்ச்ல இருந்தா நின்னு பாக்கும்போது கண்ணுக்கு நேரா இருக்கும், ஒண்ணுக்கொண்ணு ரெண்டு இன்ச் இடைவெளி விட்டேன். வெயில் நேரா விழற செவுருல மட்டும் மாட்டாத, கலர் வெளுத்துப் போயிடும். ஹால்ல இருந்த வெள்ளை டியூப்லைட்டையும் அணைச்சுட்டு 2700 கெல்வின் வார்ம் பல்பு ரெண்டு போட்டேன், அந்த மஞ்ச வெளிச்சத்துல பழைய படத்துக்கெல்லாம் உயிர் வந்த மாதிரி இருந்துச்சு.

ராத்திரி 12 மணிக்கு எழுப்பிக் கூட்டிட்டு வந்தேன். கண்ணைக் கசக்கிட்டே வந்தாரு, நின்னாரு, ஒண்ணும் பேசல. பக்கத்துல போயி நிழல் மேல ஒரு விரலை வச்சு, "அன்னைக்கு செம வெயில்ல" அப்படின்னாரு. அவ்வளவுதான். அப்புறம் கோணலா இருந்த ஒரு ஃப்ரேமை நேரா நிமித்தி வச்சாரு, என் கையைப் புடிச்சவரு விடவே இல்ல, ஸ்விட்சை அணைக்கறதுக்கு இடது கையை நீட்டவேண்டியதாப் போச்சு எனக்கு. இத்தனை வருஷத்துல ஐ லவ் யூன்னு ஒரு தடவ சொன்னதில்லடி இந்த மனுஷன், எனக்கு அது வேணவும் வேணாம்.

இப்ப உன்கிட்ட ஒரு வேலை. செவுத்துல ஒரு ஃப்ரேம் காலியா இருக்கு, 8க்கு 12 சைஸ். பச்சைக் குடைக்குள்ள நாங்க ரெண்டு பேரும் ஓடினப்போ நீ பின்னாலேந்து கத்தித் திரும்ப வச்சு எடுத்தியே, அந்தப் படம் உன் ஆல்பத்துலதான் இருக்கு. ஃபோன்ல படம் புடிச்சு அனுப்பாத, கண்ணாடி மாதிரி லைட் அடிக்கும். ஆல்பத்துலேந்து பிய்க்கவும் பிய்க்காத, ஒட்டியிருந்தா கிழிஞ்சுடும், அப்படியே ஆல்பத்தோட ஸ்கேனர்ல வச்சு 600 டிபிஐல ஸ்கேன் பண்ணு, 4க்கு 6 படம் ரெண்டு மடங்கு பெருசாக்கினாலும் தெளிவா வரும்.

அதுல அவரு முகம் தெரியுதுல்ல? கண்ணை மூடியிருந்தாலும் பரவால்ல, அனுப்பு.

உன்
மூணாவது பெஞ்ச்